அமெரிக்கக் கிராமப்புறத் தீயணைப்பு: பணம் எங்கிருந்து வருகிறது, ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சியாட்டில் போன்ற நகரங்களின் எல்லையைத் தாண்டி வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவருகின்றன. முதல் சொத்து வரிச் சீட்டு வந்ததும், பள்ளிக்கு, கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) என்று பிரித்துக் காட்டியிருக்கும் தொகைகளுக்கு நடுவே தீயணைப்புக்கென்று தனியாக ஒரு வரி இருப்பதைப் பார்த்து, இது எதற்கு, யாருக்குப் போகிறது என்று பலரும் கேட்கிறார்கள். அப்படி எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

தீயணைப்பு அரசாங்கத்தின் வேலைதானே? அதற்குத் தனியாக ஏன் வரி கட்ட வேண்டும்?

தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மாநில அரசின் துறை. வீரருக்குச் சம்பளமும் வண்டிக்கு டீசலும் அரசுக் கருவூலத்திலிருந்து வருகின்றன. எந்த ஊரில் நிலையம் அமைய வேண்டும் என்பதையும் அரசே தீர்மானிக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அமெரிக்க ஏற்பாடு விசித்திரமாகத்தான் தோன்றும். அங்கே வீட்டுத் தீயை அணைப்பதற்கென்று மத்திய அரசின் துறை எதுவும் கிடையாது. மாநில அரசுகளும் பெரும்பாலும் சட்டத்தை மட்டும் வகுத்துக் கொடுத்துவிட்டு, நடத்தும் பொறுப்பை உள்ளூர்களிடம் விட்டிருக்கின்றன. நகர எல்லைக்குள் நகராட்சியின் தீயணைப்புத் துறை இருக்கும். எல்லைக்கு வெளியே, பல மாநிலங்களில், தீயணைப்புச் சேவையை அளித்தே தீர வேண்டும் என்ற சட்டக் கடமை கவுண்டிக்குக்கூட இல்லை.

ஆகவே அங்குள்ள மக்களே கூடி, தங்களுக்கு என்ன வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். 1736இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய யூனியன் தீயணைப்புக் குழுவும் இப்படித் தன்னார்வலர்கள் கூடி அமைத்ததுதான். நகரங்கள் பிற்பாடு சம்பளப் படைக்கு மாறிவிட்டன. கிராமப்புறம் பெரும்பாலும் பழைய வழியிலேயே இருக்கிறது.

தீயணைப்பு வட்டாரம் என்பது என்ன?

தீயணைப்பு என்ற ஒரே வேலைக்காக, வரைபடத்தில் எல்லை குறித்து, வரி விதிக்கும் அதிகாரத்தோடு அமைக்கப்படும் சிறிய உள்ளாட்சி அமைப்பே இது. பள்ளிகளுக்குத் தனி வட்டாரமும் தனி வாரியமும் இருப்பதை அமெரிக்காவில் வாழ்பவர்கள் அறிவார்கள். இதுவும் அதே வகைதான்.

நிர்வாகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். வாஷிங்டன் மாநிலத்தில் வட்டாரத்து வாக்காளர்கள் மூன்று அல்லது ஐந்து ஆணையர்களை ஆறு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கில் ஆணையர்கள் ஐந்து பேர். ஆண்டுக்கொருவர் வீதம் டிசம்பர் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் தேர்வாகிறார்கள். அன்றைக்கு வேறு தேர்தல் எதுவும் இல்லாததால் வாக்களிக்க வருபவர்கள் மிகக் குறைவு. தீயணைப்பு வீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வந்து வாக்களித்தாலே முடிவு தெரிந்துவிடும் ஊர்கள் உண்டு. டெக்சாஸில் இதற்கு அவசரச் சேவை வட்டாரம் என்று பெயர். அதன் ஐந்து வாரிய உறுப்பினர்களைப் பெரும்பாலான கவுண்டிகளில் கவுண்டி ஆணையர் மன்றமே நியமிக்கிறது.

வட்டாரம் வேறு, தீயணைப்புக் குழு வேறு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சில இடங்களில் வண்டி, நிலையம், ஆட்கள் எல்லாமே வட்டாரத்துக்குச் சொந்தம். வேறு இடங்களிலோ வட்டாரம் வரியை மட்டும் வசூலித்து, ஏற்கெனவே இயங்கும் தன்னார்வக் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பணம் கொடுக்கிறது. பக்கத்து நகராட்சிக்குப் பணம் கட்டி அதன் வண்டிகளை வரவழைக்கும் வட்டாரங்களும் இருக்கின்றன.

இந்த வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சொத்தின் மதிப்பீட்டுத் தொகையை அடிப்படையாகக் கொண்டுதான். டெக்சாஸில் அவசரச் சேவை வட்டாரம் 100 டாலர் மதிப்புக்கு 10 சென்டுக்கு மேல் விதிக்கக் கூடாது என்று மாநில அரசியலமைப்பே உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரிக்குரிய மதிப்பு 4,00,000 டாலராக உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 400 டாலர். எல்லைக்குள் உள்ள கடைகளிலிருந்து விற்பனை வரியில் ஒரு பகுதியைப் பெறவும், உள்ளாட்சிகளுக்கான 2 சதவீத வரம்பில் இடம் மிச்சமிருந்தால், வாக்காளர் ஒப்புதலோடு வழி உண்டு. நெடுஞ்சாலையோரக் கடைவீதி ஒன்று எல்லைக்குள் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களின் வரவு செலவு மடுவுக்கும் மலைக்குமாக வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

வாஷிங்டனில் வழக்கமான தீயணைப்பு வரிக்கு 1,000 டாலர் மதிப்புக்கு 1.50 டாலர் என்பது உச்சம். அதைவிட முக்கியமான கட்டுப்பாடு வேறு. புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களால் வரும் தொகையைத் தவிர்த்து, வட்டாரம் திரட்டும் மொத்த வரி ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயர வேண்டுமானால் வாக்காளர்களைக் கேட்டாக வேண்டும். வீட்டு விலை ஏறினால் வட்டாரத்துக்கு வருமானம் கொட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறானது: மொத்தத் தொகை 1 சதவீதத்தில் கட்டுண்டு கிடக்க, வீட்டு மதிப்புகள் வேகமாக ஏறுவதால் வரி விகிதம்தான் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வரும். சம்பளமும் டீசலும் உபகரணமும் 1 சதவீதத்தோடு நிற்பதில்லை. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இறங்கிய விகிதத்தைப் பழைய அளவுக்கு உயர்த்தித் தாருங்கள் என்று கேட்கும் தீர்மானம் வாக்குச் சீட்டில் வந்துகொண்டே இருக்கிறது. வாக்களிப்பவர் அதைப் புது வரி என்று எண்ணி எதிர்ப்பதும் இயல்பாக நடக்கிறது.

அதே மாநிலத்தில் சொத்தின் விலையைப் பாராமல், கட்டடத்தின் அளவையும் பயன்பாட்டையும் வைத்துக் கட்டணம் விதிக்கும் முறையும் உண்டு. பெரிய கிடங்குக்கு அதிகத் தண்ணீரும் ஆட்களும் தேவை, சிறிய வீட்டுக்குக் குறைவு என்பது அதன் கணக்கு. இதை முதன்முறை கொண்டுவர 60 சதவீத வாக்காளர்களின் ஆதரவு வேண்டும்.

வரி கட்டும் வட்டாரமே இல்லாத பகுதிகளில் என்ன செய்கிறார்கள்?

சில இடங்களில் சந்தா முறை இருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே வசிப்பவர் ஆண்டுக்கு இவ்வளவு என்று பக்கத்து நகரத்துக்குக் கட்டினால், அவசரத்தில் அந்த நகரத்து வண்டி வரும். இது நியாயமான பேரமாகத்தான் தெரிகிறது, யாரோ ஒருவர் கட்ட மறக்கும் வரை.

டென்னசி மாநிலத்தின் ஓபியன் கவுண்டியில் 2010 செப்டம்பரில் நடந்தது அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டது. சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம், எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு ஆண்டுச் சந்தாவாக 75 டாலர் வாங்கிவந்தது. சந்தா கட்டாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தீப்பிடித்தது. எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று வீட்டுக்காரர் தொலைபேசியிலேயே சொல்லியும் வண்டி வரவில்லை. தீ பக்கத்து நிலத்தைத் தொட்டது. அந்த நிலத்துக்காரர் சந்தா கட்டியவர் என்பதால் வண்டி வந்தது, அவருடைய நிலத்தில் பரவிய தீயை மட்டும் அணைத்தது. வீடு முழுவதும் எரிந்தது. உள்ளே இருந்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் இறந்தன. 2011 டிசம்பரில் அதே நகரத்தின் எல்லைக்கு வெளியே இன்னொரு வீடும் இதே காரணத்தால் எரிந்தது. அதன் பிறகே, 2012இல், சந்தா கட்டாதவர் வீட்டுக்கும் வருவோம், ஆனால் 3,500 டாலர் வசூலிப்போம் என்று நகரம் விதியை மாற்றியது.

வீரர்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று திட்டியவர்கள் நிறைய. ஆனால் கட்டாதவர் வீட்டையும் இலவசமாக அணைத்தால் அடுத்த ஆண்டு யார் சந்தா கட்டுவார்கள் என்ற கேள்விக்கு, திட்டியவர்களிடம் பதில் இல்லை. பழுது சந்தா முறையிலேயே இருக்கிறது: தீ விபத்து அபூர்வமாக வருவது, பணம் மட்டும் ஆண்டுதோறும் போவது, ஆகவே கட்டாமல் விடும் ஆசை எல்லோருக்கும் வரும். எல்லோரும் கட்டியாக வேண்டிய வரி மட்டுமே இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்கிறது. வரி வேண்டாம் என்று மறுத்த ஊர்கள் வேறு வகையில் விலை கொடுத்திருக்கின்றன.

விருந்து, பிங்கோ, குலுக்கல் ஆகியவற்றால் உண்மையில் எவ்வளவு பணம் வரும்?

நிலையத்தில் ஞாயிறு காலையில் பான்கேக் சுட்டுப் போடுவது, கோழி வறுவல் விருந்து, பிங்கோ என்னும் எண் விளையாட்டு இரவு, குலுக்கல் சீட்டு என்று பல வழிகளில் குழுக்கள் நிதி திரட்டுகின்றன. ஊரார் ஒருவரையொருவர் பார்க்கவும், புதிய ஆட்களைச் சேர்க்கவும் இவை மிகவும் உதவும். செலவை ஈடுகட்டுமா என்பது வேறு. ஒருவருக்கான பாதுகாப்பு உடை, தலைக்கவசம், காலணி எல்லாம் சேர்த்தால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். புகைக்குள் மூச்சுவிட முதுகில் சுமக்கும் காற்று உருளைக் கருவிக்கு அதைவிட அதிகம். பாதுகாப்பு உடையைத் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளில் கழித்துவிட வேண்டும் என்பது தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் நியதி. ஒருமுறைகூட நெருப்பைப் பார்க்காத உடைக்கும் அதே கதிதான். புதிய பம்பு வண்டி ஒன்றுக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் மேல். பான்கேக் விற்று அதை வாங்க ஒரு தலைமுறை காலம் போதாது.

மத்திய, மாநில அரசுகள் எதுவும் கொடுப்பதில்லையா?

கொடுக்கின்றன, ஆனால் மாதாந்தரச் செலவுக்கு அல்ல. 2001இலிருந்து, மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா வழியாகத் தீயணைப்பு வீரர் உதவி மானியம் வழங்கப்படுகிறது. உடை, மூச்சுக் கருவி, வண்டி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். 20,000 பேர் அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகைக்குச் சேவை செய்யும் குழு தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். ஆட்களைச் சேர்ப்பதற்கும் தக்கவைப்பதற்கும் இன்னொரு மானியம் உண்டு. 10,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு மத்திய வனத்துறை மாநிலங்கள் வழியாக உதவுகிறது, அதில் பாதிச் செலவை ஊரே ஏற்க வேண்டும். ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் இவ்வழியே கிடைக்கின்றன. அவற்றின் மீது தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் ஏற்றி, புல் தீயை அணைக்கும் வண்டியாக மாற்றிக்கொள்ளும் கைத்திறன் கிராமத்துப் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. பென்சில்வேனியாவில் வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்கள் தீக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீது கட்டும் 2 சதவீத வரி, தன்னார்வ வீரர்களின் நிவாரணச் சங்கங்களுக்குப் போகிறது.

மானியத்தில் உள்ள சங்கடம், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் யார் என்பதுதான். தொடர்ந்து மானியம் பெறும் குழுவில், அநேகமாக, அலுவலக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருப்பார். அப்படி ஒருவர் வாய்க்காத குழு, தேவை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

அழைத்தால் வருபவர்கள் யார்?

பெரும்பாலும் உங்கள் அக்கம்பக்கத்தார். நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் தீயணைப்பு வீரர்கள் இருக்கிறார்கள். 2020 கணக்குப்படி அவர்களில் 6,76,900 பேர், அதாவது சுமார் 65 சதவீதம், தன்னார்வலர்கள். 1984இல் அந்த எண்ணிக்கை 8,97,750. இதற்கிடையில் மக்கள்தொகையும் அழைப்புகளும் பெருகியிருக்கின்றன. வரும் அழைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படியில் விழுந்த முதியவர் என்று வரும் அழைப்புகளுக்கு நடுவே, நூற்றுக்கு நான்கைந்துதான் உண்மையான தீ.

கிராமப்புறத் தீயணைப்பின் பெரிய பஞ்சம் பணப் பஞ்சம் அல்ல, பகல் நேரத்து ஆள் பஞ்சம். முன்பு பண்ணையிலும் ஊர்க் கடையிலும் வேலை செய்தவர்கள், பேஜர் ஒலித்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடிவந்தார்கள். இன்று அதே ஊர்க்காரர்கள் காலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் பன்னிரண்டு பேர் வரும் நிலையத்தில், பகல் இரண்டு மணிக்கு ஓய்வுபெற்றவர் இருவர் மட்டும் வரக்கூடும். சதுர மைலுக்கு 500 பேருக்கும் குறைவாக வாழும் இடங்களில், பத்துக்கு எட்டு முறையேனும் 14 நிமிடங்களுக்குள் ஆறு பேர் சம்பவ இடத்தில் இருக்க வேண்டும் என்பது தேசியத் தீத் தடுப்புச் சங்கம் தன்னார்வக் குழுக்களுக்கு வகுத்த அளவுகோல். இந்த ஆறு பேரைத் திரட்டவே, முதல் அழைப்பிலேயே இரண்டு மூன்று ஊர்க் குழுக்களை ஒருசேர அனுப்பும் பரஸ்பர உதவி உடன்படிக்கைகள் பரவியிருக்கின்றன. வட்டாரங்கள் உயர்த்தும் வரியும் பல இடங்களில் புதிய வண்டிக்குப் போவதில்லை; வார நாட்களின் பகல் பொழுதில் நிலையத்தில் இருக்க இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் போகிறது.

தன்னார்வலருக்கு எதுவுமே கிடையாதா?

சிறு படித்தொகை கொடுக்கலாம். அதே வேலைக்கு முழுநேர வீரருக்கு ஆகும் செலவில் 20 சதவீதத்தைத் தாண்டாதவரை, தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் அவர் தன்னார்வலராகவே கருதப்படுகிறார். பல மாநிலங்களில் பணிக்கால ஆண்டுகளைக் கணக்கிட்டு முதுமையில் ஒரு தொகை தரும் திட்டம் உண்டு. நியூயார்க் மாநில வருமான வரியில் 200 டாலர் சலுகை தருகிறது. நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அடிப்படைப் பயிற்சியைத் தன் மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் முடித்து வருபவருக்கு இவை ஈடாகா.

எங்கள் தெருவில் தீயணைப்பு நீர் எடுக்கும் சாலையோரக் குழாயே (ஹைட்ரன்ட்) இல்லை. தண்ணீர் எங்கிருந்து வரும்?

லாரியில்தான் வரும். வீரர் கையில் பிடிக்கும் ஒரு குழாய் நிமிடத்துக்கு 150 கேலன், அதாவது சுமார் 570 லிட்டர் பீய்ச்சினால், 1,000 கேலன் தொட்டி ஏழு நிமிடத்துக்குள் காலி. வீடு நன்றாகப் பற்றிக்கொண்டால் ஒரு குழாய் போதாது. அதனால் வீட்டருகே சாலையில், மடக்கி எடுத்துவரும் தார்ப்பாய்த் தொட்டி ஒன்றை விரிக்கிறார்கள். முதல் தண்ணீர் லாரி வந்து, பின்புறத்து அகல மதகைத் திறந்து, ஓரிரு நிமிடத்தில் மொத்தத்தையும் அதில் கொட்டிவிட்டு, அருகிலுள்ள குளத்துக்கோ ஏரிக்கோ விரைகிறது. பம்பு வண்டி அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சிக் குழாய்களுக்கு அனுப்புகிறது. முதல் லாரி நிரப்பித் திரும்புவதற்குள் இரண்டாவது கொட்டியிருக்க வேண்டும், இரண்டாவது போனதும் மூன்றாவது வர வேண்டும். சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும் உள்ளே நிற்பவர் கையில் வெறும் குழாய்தான் மிஞ்சும். ஒரே ஊரிடம் இத்தனை லாரிகள் இருக்காது என்பதால், அண்டை ஊர்களின் உதவி இங்கே கட்டாயமாகிறது. குளத்தினுள் நிரந்தரமாக ஓர் உறிஞ்சு குழாயைப் பதித்து, அதன் வாயைச் சாலையோரம் நீட்டி வைப்பது மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய உதவி; குளம் உள்ள பண்ணைக்காரர்கள் பலர் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கும் என் வீட்டுக் காப்பீட்டுக்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. காப்பீட்டாளர்களுக்காக இடரை மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. என்னும் நிறுவனம் ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 10 வரை தரம் கொடுக்கிறது. 1 மிகச் சிறந்தது, 10 என்றால் அங்கீகரிக்கத்தக்க பாதுகாப்பு இல்லை. தீயணைப்புக் குழுவுக்கு 50 புள்ளி, நீர் வசதிக்கு 40, அழைப்பு மையத்துக்கு 10 என்பது அடிப்படை. தடுப்பு நடவடிக்கைகளுக்குச் சிறிதளவு கூடுதல் உண்டு. பொதுவாக நிலையத்திலிருந்து சாலை வழியாக 5 மைலுக்கு அப்பால் உள்ள வீடு 10ஆம் தரத்துக்குத் தள்ளப்படும். பிரீமியம் கணிசமாக ஏறும், சில காப்பீட்டாளர்கள் பாலிசியே தர மாட்டார்கள். தீயணைப்பு வரியை எதிர்த்து வாக்களிப்பவர், அதில் மிச்சமாகும் தொகையைப் பிரீமியத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

காட்டுத் தீயும் இந்தக் குழுக்களின் பொறுப்பா?

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. மத்திய அரசின் காடுகளுக்கு மத்திய வனத்துறை. கலிஃபோர்னியாவில் மாநிலப் பொறுப்பு நிலங்களுக்கு அம்மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர். அங்கே குடியிருப்போரிடம் தீத்தடுப்புக்கென்று 150 டாலர் அளவில் கட்டணம் வாங்கப்பட்டு, 2017இல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரிகனிலும் ஐடஹோவிலும் எந்த வட்டாரத்திலும் சேராத மேய்ச்சல் நிலங்களில், பண்ணைக்காரர்களே சங்கம் அமைத்து, சொந்த புல்டோசர்களோடு முதலில் போய் நிற்கிறார்கள்.

டெக்சாஸின் வடக்கு மூலையில் 2024 பிப்ரவரி இறுதியில் மூண்ட ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்து அம்மாநில வரலாற்றில் மிகப் பெரிய தீயானது. அதை முதலில் எதிர்கொண்டவர்கள் சிற்றூர்த் தன்னார்வலர்கள். மாநிலச் சட்டமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இந்தக் குழுக்களுக்குப் போதிய நிதி இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. மேய்ச்சல் நிலத்துக்குச் சந்தை விலையில் வரி விதிப்பதில்லை, விளைச்சல் மதிப்பில்தான் விதிக்கிறார்கள். ஆகவே எல்லை எவ்வளவு பரந்திருந்தாலும் வரி சொற்பம். காக்க வேண்டிய பரப்பு மிகுதியாக உள்ள இடத்தில்தான் பணம் மிகக் குறைவாக இருக்கிறது. இந்த இடைவெளியை மாநில நிதியால் நிரப்புவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதியில் வட்டாரம் இல்லை. புதிதாக அமைக்க முடியுமா?

முடியும். டெக்சாஸில் அப்பகுதியில் சொத்து உள்ள வாக்காளர்கள் 100 பேர் கையெழுத்திட்டுக் கவுண்டியிடம் மனு கொடுக்க வேண்டும். பிறகு பொது விசாரணை, அதன்பின் தேர்தல். சாதாரணப் பெரும்பான்மை போதும். மனு எழுதுவதற்கு முன் பக்கத்து ஊர்க் குழுத் தலைவரைச் சந்தித்து, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று பேசிவிடுவது நல்லது. கோடு தவறான சாலையில் விழுந்தால், மூன்று மைல் தொலைவில் ஒரு நிலையம் இருக்க, ஒன்பது மைல் தொலைவிலிருந்து வண்டி வரும்.

நான் இன்னும் குடியுரிமை பெறவில்லை. எனக்கு இதில் என்ன பங்கு?

வரி குடியுரிமை பார்ப்பதில்லை, வாக்கு பார்க்கும். ஆனால் வாரியக் கூட்டங்கள் பொதுக்கூட்டங்கள். யாரும் போய் உட்காரலாம், வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். நெருப்புக்குள் போகாத வேலைகளும் குழுவில் நிறைய உண்டு. கணக்கு எழுதுவது, மானிய விண்ணப்பம் தயாரிப்பது, வீடு வீடாகப் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துவது ஆகியவற்றுக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. விசாவில் இருப்பவர்கள், படித்தொகையோ சலுகையோ வாங்கிக்கொள்ளும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வட்டாரம் எது என்பதைக் கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் வீட்டு முகவரியைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நிலையம் எத்தனை மைல், பகலில் அங்கே ஆள் இருக்கிறதா என்ற இரண்டையும் வீடு வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.